நூற்றில் இரண்டு

எலியின் வாலில் ஊசி ஏற்றியது காலை பத்தேகால்.
மாலைக்குள் விடை தெரிந்துவிட்டது:
கல்லீரலில் அறுபத்தொன்று,
மண்ணீரலில் பதினெட்டு,
சிறுநீரகம் நுரையீரல் என்று கொஞ்சம் சில்லறை.
இதயத்துக்கென்றே செய்த மருந்து
இதயத்தில்
நூற்றில் இரண்டு.

தரமணியில் மின்சாரம் போய்
ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது.
யாரும் பேசவில்லை.
ஜெபசீலன் மட்டும் கூண்டின் தாளை மாற்றியபடி
"கல்லீரலுக்குப் பசி ஜாஸ்தி மேடம்" என்றான்.

மருந்து மோசமில்லை.
கிண்ணத்தில் வளர்த்த இதயச் செல்களின் மேல்
ஒரு சொட்டு விட்டால்
மூச்சுமுட்டும் நேரத்திலும் துடிப்பை விடாமல்
பிடித்துக்கொள்கின்றன.
கிண்ணத்தில் தெருக்கள் கிடையாது,
அதுதான் விஷயம்.

எங்கள் ஊரில் உண்டு.
கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டைத் தாண்டி
நான்கு முறை வளைகிற சந்து.
மெட்ரோ வாட்டர் லாரி முனையிலேயே நின்றுவிடும்.
முதல் பத்து வீட்டுக் குடங்கள்
இரவிலிருந்தே வரிசையில் உட்கார்ந்திருக்கும்.
லாரி கிளம்பும்போது
கடைசி வீட்டு ருக்சானா
இடுப்பில் குடத்தோடு மூன்றாம் வளைவில் இருப்பாள்.
ஒன்பதாயிரம் லிட்டர் என்று
லாரியின் முதுகில் எழுதியிருக்கும்.
அது பொய்யுமில்லை.

வண்டியை மாற்றிப் பார்த்தோம்.
கொழுப்பில் உருட்டிய துளி உருண்டை,
ஒரு தலைமயிரின் அகலத்தில் எண்ணூறு நிற்கும்.
மேலே ஒரு போர்வை,
கல்லீரலின் காவல்காரர்களுக்கு அடையாளம் தெரியாதபடி.
போர்வை தடித்தால் இதயத்துக்கும் அடையாளம் தெரியவில்லை.
மெலிந்தால் பழைய கதை.
பதினோரு மாதம். இருநூற்றுச் சொச்சம் எலிகள்.
இரண்டு, மூன்றாயிற்று.
மூன்று, மறுபடி இரண்டாயிற்று.
அறிக்கையில் "ஊக்கமளிக்கிறது" என்று எழுதினேன்,
அழித்தேன்,
வேறு சொல் கிடைக்காமல் அதையே எழுதினேன்.

மே மாதம் லாரி மூன்று நாள் வரவில்லை.
விடியற்காலை ஐந்து மணி,
சந்தின் கடைக்கோடியில் ருக்சானா குந்தியிருந்தாள்.
தார் வெடித்த குழியில், குழாய் மூட்டில் ஒரு விரிசல்.
அதைச் சுற்றிப் பழைய சைக்கிள் ட்யூப்,
ட்யூபின் வாய் குடத்துக்குள்.
"நல்ல பைப்புல தண்ணி நிக்காம ஓடிடும்க்கா.
ஒடைஞ்ச எடத்துலதான் நமக்கு"
என்றாள், குடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேருந்தில் மத்திய கைலாஷ் தாண்டும்போதுதான்
எனக்கு உறைத்தது.
பதினோரு மாதமாக
நல்ல இதயமுள்ள எலிகளுக்கே
ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடைபட்டுத் திறந்த இதயத்தில்
ரத்தக்குழாய்களின் சுவர் இளகிக் கிடக்கும்.
சில நாள் கசியும்.
பாடப்புத்தகத்தில் இருக்கிறது,
தேர்வில் நானே எழுதியிருக்கிறேன், நாலு மதிப்பெண்.
உருண்டையை இன்னும் சிறிதாக்கினோம்,
காயத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி வைத்தோம்.
இதயத் தமனியில் அரைமணி நேரம் முடிச்சு,
அவிழ்த்தபின் ஊசி.

காயம்பட்ட தசையில்
ஒன்பது.

ஜெபசீலன் இரண்டு முறை எண்ணிப் பார்த்தான்.
டீ வாங்கி வந்தான், கணக்கில் எழுதாமல்.
ஆனால் நான்காம் நாள் போட்ட ஊசியில்
மறுபடி இரண்டு.
சுவர் தேறிக்கொள்கிறது, கதவு சாத்திவிடுகிறது.
உடம்பு குணமாவதைக் கண்டு
ஒரு நிமிடம் எரிச்சல்பட்டேன்,
இதை எங்கும் எழுதப்போவதில்லை.

செவ்வாயன்று மாநகராட்சி ஆட்கள் வந்து
குழியைத் தோண்டி மூட்டை அடைத்துவிட்டுப் போனார்கள்.
நல்ல வேலை. சிமெண்ட் இன்னும் ஈரம்.
சைக்கிள் ட்யூபைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள் ருக்சானா.
என்னத்துக்கோ அவளிடம் சொன்னேன்
இரண்டு ஒன்பதான கதையை,
உன்னால்தான் என்றும்.

கேட்டுக்கொண்டாள்.
கொஞ்சம் யோசித்தாள்.
"சரிக்கா,
அப்போ மீதித் தொண்ணூத்தி ஒண்ணு
எங்க போச்சு?"